பிரியாத கிளட்ச்

பழைய வண்டி வாங்கிய சூட்டோடு பட்டறைக்கு வருகிறவர்கள், ஸ்டாண்டு போடும்போதே நோயின் பெயரையும் சொல்லிவிடுவார்கள். "கியர் பாக்ஸ் போயிருச்சுங்ணா." வழியில் யாரோ ஒரு மெக்கானிக் அப்படிச் சொல்லியிருப்பார், இன்ஜினை இறக்கிப் பிரிக்க ஆகும் தொகையையும் கூடவே சொல்லியிருப்பார். அந்தத் தொகை வந்தவரின் முகத்தில் தெரியும்.

விசாரித்தால் அறிகுறிகள் ஒரே மாதிரி இருக்கும். சிக்னலில் நியூட்ரல் விழுவதில்லை. முதல் கியர் போட்டால் டங்கென்று வண்டி ஒரு துள்ளுத் துள்ளுகிறது. கிளட்ச்சை முழுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாலும் முன்னால் நிற்பவரின் மட்கார்டை நோக்கி நகரப் பார்க்கிறது. கோளாறு காலடியில் தெரிவதால் பழி கியர் பாக்ஸ் மேல் விழுகிறது. கோயம்புத்தூரில் பட்டறை வைத்து இந்தப் புகாரோடு வந்த வண்டிகளைப் பார்த்துவருகிறவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்: இவற்றில் கியர் பாக்ஸைத் தொட வேண்டிய வண்டி அரிது. கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை, கோளாறு அதுதான்.

கிளட்ச் ஸ்லிப் ஆவது எல்லோருக்கும் தெரியும். ஆக்சிலரேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி ஏறாது. பிளேட் தேய்ந்துவிட்டது என்று ஓட்டுபவரே சொல்லிவிடுவார். இது அதற்கு நேர் எதிர். பிடித்துக்கொள்ள வேண்டிய நேரத்தில் நன்றாகப் பிடிக்கிறது. விட வேண்டிய நேரத்தில் விடுவதில்லை. ஆனால் மேட்டில் நன்றாக இழுக்கிற கிளட்ச்சை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதனால்தான் பழி கைமாறிப் போகிறது.

கிளட்ச் கூடைக்குள் ஃபைபர் பிளேட்டும் ஸ்டீல் பிளேட்டும் ஒன்று மாற்றி ஒன்றாக அடுக்கியிருக்கும். ஃபைபரின் காதுகள் வெளிக்கூடையின் விரல்களுக்கு நடுவே உட்கார்ந்து இன்ஜினோடு சுற்றும். ஸ்டீலின் பற்கள் நடு ஹப்பில் மாட்டி கியர் பாக்ஸோடு சுற்றும். ஸ்பிரிங்குகள் பிரஷர் பிளேட்டை அழுத்தி மொத்த அடுக்கையும் நெருக்கி வைத்திருக்கும். லிவரைப் பிடித்தால் அந்த நெருக்கம் விடுபட வேண்டும். எவ்வளவு விடுபடும் என்பதுதான் கணக்கு. 150 சிசி வண்டியில் பிரஷர் பிளேட் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தால் நல்ல நகர்வு. 5 ஃபைபர் பிளேட் இருந்தால் உரசும் முகங்கள் 10. ஒன்றரையைப் பத்துப் பேருக்குப் பங்கு வைத்தால் ஆளுக்கு 0.15 மில்லிமீட்டர். நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள்களைச் சேர்த்துப் பிடித்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் கனம். அந்த இடைவெளியில்தான் இன்ஜின் ஒரு பக்கம் ஓட, சக்கரம் ஒரு பக்கம் நிற்க வேண்டும். ஸ்டீல் பிளேட் 0.2 மில்லிமீட்டருக்கு மேல் நெளிந்திருந்தால் மாற்று என்று பல சர்வீஸ் மேனுவல்கள் சொல்வது இதனால்தான். கேபிளில், லிவர் போல்ட்டில், புஷ் ராடில் எங்கே கொஞ்சம் தேய்மானம் வந்தாலும் அது இந்த ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்துதான் கழியும்.

இதை நான் விளக்கி முடிப்பதற்குள் புரிந்துகொண்ட ஒரு தம்பி உண்டு. பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். வெர்னியர் பிடித்துப் பழகிய கை. ஆட்டோ கன்சல்டிங் ஒன்றில் 150 சிசி வண்டி வாங்கிக்கொண்டு வந்திருந்தார். லட்சுமி மில்ஸ் சிக்னலில் ஒவ்வொரு தடவையும் இன்ஜினை நிறுத்தித்தான் நியூட்ரல் போடுவதாகச் சொன்னார்.

"ஓட்டிப் பார்த்துத்தான வாங்குனீங்க, தம்பி?"

"பார்த்தேனுங்ணா. அப்ப நல்லாத்தான் இருந்துச்சுங்க. நான் போறப்பவே வண்டியத் தொடச்சு, ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருந்தாங்க. அந்தத் தெருக்கோடி வரைக்கும் போயிட்டுத் திரும்பிட்டேன்."

பழைய வண்டி விற்பனையின் பாதிச் சூட்சுமம் அந்தப் பதிலில் இருக்கிறது. குளிர்ந்த வண்டியில் ஒருவகை ஒட்டல் தெரியும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கிவிட்டால் அது மறைந்துவிடும். நன்றாகச் சூடேறிய வண்டியில் இன்னொரு வகை தெரியும். தெருக்கோடி வரைக்கும் ஓட்டினால் அவ்வளவு சூடு ஏறாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சில நிமிடங்களில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். பழைய வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: காலையில் போங்கள், முதலில் இன்ஜின் கேஸில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஒரு டீ குடித்துவிட்டு, ஆறிய பிறகு பாருங்கள். பிறகு நெரிசலான சாலையில் நின்று நின்று ஓட்டி, சூடான வண்டியில் இன்ஜின் ஓட ஓட நியூட்ரல் தேடுங்கள்.

தம்பியின் வண்டியில் முதலில் செய்தது இன்ஜினை நிறுத்திவிட்டுக் கியர் மாற்றிப் பார்த்ததுதான். சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே முதல் கியரிலிருந்து நியூட்ரல், இரண்டு, மறுபடி நியூட்ரல். வெண்ணெயாக விழுந்தது. இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்தால் கியர் லிவர் கல்லாக நிற்கிறது. இந்த ஒரு வித்தியாசத்திலேயே கியர் பாக்ஸ் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. ஷிஃப்ட் ஃபோர்க் வளைந்திருந்தாலோ உள்ளே ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ இன்ஜின் நின்ற நிலையிலும் தகராறு செய்யும். கிளட்ச் பிரியாதபோது நடப்பது வேறு. இன்ஜினின் இழுப்பு கியரின் பற்கள் மேல் ஏறியே இருக்கும். பாரம் ஏறிய பற்கள் ஒன்றையொன்று விடாது. இன்ஜின் நின்றதும் பாரம் இறங்கிவிடும், கியரும் விழுந்துவிடும். ஆயிரக்கணக்கில் செலவழித்துக் கியர் பாக்ஸைப் பிரிக்கத் தயாராகிறவர்கள் அதற்கு முன் இதை ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று எனக்குத் தீராத ஆதங்கம் உண்டு. ஸ்பேனர்கூடத் தேவையில்லாத சோதனை இது.

அடுத்து, நடு ஸ்டாண்டில் நிறுத்தி முதல் கியர் போட்டு, லிவரை முழுக்கப் பிடித்தேன். பின்சக்கரம் சுற்றியது. சக்கரம் சுற்றுவதை வைத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தே ஓடுகின்றன. அந்த ஆயிலின் இழுப்பிலேயே தரையைத் தொடாத சக்கரம் மெல்லச் சுற்றும், நல்ல வண்டியிலும் சுற்றும். பின்பிரேக்கை மெதுவாக மிதித்தால் அது சட்டென்று நிற்க வேண்டும், இன்ஜினின் ஓசை மாறக் கூடாது. இந்த வண்டியில் பிரேக்கை மிதிக்க மிதிக்க இன்ஜின் திணறி, அணையப் போனது. சந்தேகத்துக்கு இடமில்லை. ஐட்லிங் வேகத்தையும் பார்த்துக்கொண்டேன். 1,400 வாக்கில் இருக்க வேண்டிய ஐட்லிங்கை 2,000க்கு ஏற்றி வைத்திருந்தால் நல்ல கிளட்ச்சிலும் முதல் கியர் டங்கென்றுதான் விழும். அதில் இங்கே குறையில்லை.

இனி வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். கைப்பிடியில் தொடங்கிப் பிளேட்டில் முடிய வேண்டிய பயணம் இது. முதல் வேலையாகப் பிளேட் செட் வாங்கிவரச் சொல்கிற பழக்கத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. செலவு கிடக்கட்டும், காரணம் தெரியாமல் மாற்றிய புதுப் பிளேட்டும் சில மாதத்தில் அதே கதிக்குத்தான் போகும்.

லிவர் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தேன். நிறைய பழைய வண்டிகளில் லிவரின் துளை முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். விரல் இழுக்கிற தூரத்தில் ஒரு பங்கு அந்தத் தேய்மானத்தை நிரப்புவதற்கே போய்விடும். தரமில்லாத லிவரில் துளைக்கும் கேபிள் முனைக்கும் உள்ள தூரம் ஒரிஜினலைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் இதே கதை. பார்வைக்குத் தெரியாது, பழையதோடு சேர்த்து வைத்து அளந்தால்தான் தெரியும். இந்த வண்டியில் இரண்டுமில்லை.

கேபிளைக் கீழே கழற்றிவிட்டுக் கையால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தால்கூட விரலுக்கு அந்தச் சுரசுரப்பு தெரியும், அதுவும் இல்லை. கேபிளை மாட்டி இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இடமும் வலமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். பழைய உரிமையாளர் உயரமான ஹேண்டில்பார் போட்டிருந்தால் கேபிள் எங்காவது இழுபடும், அல்லது டேங்குக்கு அடியில் நசுங்கும். ஹேண்டில் திரும்பும்போது வண்டியின் இழுவை கூடிக் குறையும். இங்கே மாற்றமில்லை.

ஆனால் கையில் மூன்று விஷயங்கள் பட்டன. லிவரில் துளி ஃப்ரீ ப்ளே இல்லை. பல வண்டிகளுக்கு லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும் என்பது மேனுவல் கணக்கு. இங்கே தொட்டவுடனே இழுவை தொடங்குகிறது. கைப்பிடியருகே உள்ள அட்ஜஸ்டரும் கீழே உள்ளதும் மரையின் கடைசிவரை திருகப்பட்டிருந்தன. அவ்வளவு இறுக்கினால் கிளட்ச் ஸ்லிப் ஆகலாமே தவிர, பிரியாமல் இருக்கக் கூடாது. ஆனாலும் பிரியவில்லை. இரண்டாவது, லிவர் அநியாயக் கனம். மூன்றாவதுதான் முக்கியம். லிவர் ஹேண்டில் கிரிப்பைத் தொடுவதற்கு ஒரு விரல் தூரம் முன்பே நின்றுவிடுகிறது. கனம் கூடிக்கூடி நிற்பதல்ல. சுவரில் முட்டியது போல ஓர் இடத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது.

தம்பியையும் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மூன்று தடவை பிடித்துவிட்டு, "உள்ள ஏதோ முட்டுதுங்ணா" என்றார். அவர் கையும் சொல்லிவிட்டது.

நல்ல கிளட்ச்சில் லிவர் அப்படி முட்டாது. பிடித்துக்கொண்டே போனால் கடைசியில் கிரிப்பில் போய்ச் சேரும். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு ஒரே சீராக இருக்கும். நடுவில் முட்டுகிறது என்றால் ஒன்று, கேபிள் இழுக்கிற ஆக்சுவேட்டர் ஆர்ம் எதிலோ இடிக்கிறது. இல்லையென்றால் உள்ளே ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்து, இதற்கு மேல் அமுங்க இடமில்லாமல் நிற்கின்றன. ஆர்மைப் பார்த்தேன். அதன் தண்டிலும் ஆர்மிலும் உள்ள புள்ளி அடையாளங்கள் நேருக்கு நேர் இருந்தன. ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தாலும் கேபிள் இழுக்கும் கோணம் கெட்டுப் போகும்; இங்கே சரியாக இருந்தது. எதிலும் இடிக்கவுமில்லை. மீதி இருப்பது ஸ்பிரிங்.

திறப்பதற்கு முன்னால் ஆயிலைப் பற்றிக் கேட்டேன். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஆயிலேதான் கிளட்ச்சுக்கும் ஆயில். மேனுவல் 10டபிள்யூ-30 சொல்லும் வண்டியில், 'கெட்டியா இருந்தா இன்ஜினுக்கு நல்லது' என்று 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் நிறைய. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் அந்தக் கெட்டி ஆயில் பிளேட்டுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். காலையில் முதல் கியர் போட்டதும் ஒரு துள்ளல். சூடேறினால் சரியாகிவிடும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் இழுவை கூடும். கார் ஆயில் ஊற்றுவது இதற்கு மறுபக்கத் தவறு. அதிலுள்ள வழுக்கல் சேர்மானங்களால் கிளட்ச் ஸ்லிப் ஆகும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஈரக் கிளட்ச் வண்டிக்குக் கட்டாயம். எம்பி என்று போட்டது ஸ்கூட்டருக்கு.

காலை ஒட்டலை விடுவிக்கும் வழி வண்டிக்கு வண்டி மாறும் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பழைய வார்ப்பிரும்பு புல்லட் ஓட்டுகிறவர்கள் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு உதை உதைத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார்கள். அந்த வண்டியில் கிக்கரின் விசை கியர் பாக்ஸ் வழியாகக் கிளட்ச் ஹப்புக்கு வருகிறது. கிளட்ச்சைப் பிடித்து உதைத்தால் இன்ஜின் சுற்றாது, ஒட்டிய பிளேட்டுகள் பிரியும். இன்றைய வண்டிகள் பலவற்றில் கிக்கர் நேராக வெளிக்கூடையைச் சுற்றுகிறது. அதனால்தான் கியரில் இருக்கும்போதும் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு கிக் அடித்து ஸ்டார்ட் செய்ய முடிகிறது. அங்கே கிளட்ச்சைப் பிடித்து உதைப்பதால் பிளேட் பிரியாது. கியர் போட்டு, கிளட்ச்சைப் பிடித்து, வண்டியை முன்னும் பின்னும் இரண்டு தடவை தள்ள வேண்டும். புல்லட்டில் இன்னொரு நல்ல ஏற்பாடும் இருந்தது. வலப்பக்கம் கியர் லிவரோடு நியூட்ரல் போடுவதற்கென்றே ஒரு சிறு லிவர். முதல் கியரைத் தவிர எந்தக் கியரில் இருந்தாலும் கிளட்ச்சைப் பிடித்து அதைக் குதிகாலால் மிதித்தால் நியூட்ரல் விழும். திருவொற்றியூரில் செய்த வண்டியில் அதை மிதித்துப் பழகியவர்கள் மற்ற வண்டிக்கு மாறினால் கொஞ்ச நாளைக்குக் கால் தேடும். அந்த லிவரையும் மீறி நியூட்ரலுக்குத் தவிக்கிற புல்லட் வந்தால் நான் முதலில் பார்ப்பது பிரைமரி செயின் கேஸ் ஆயிலைத்தான். அதற்குத் தனி ஆயில். கெட்டி ஆயிலைக் கொண்டுபோய் அதில் ஊற்றியிருப்பார்கள்.

தம்பியின் வண்டியில் இழுவை காலையிலும் இருந்தது. சூடேறினால் இன்னும் கூடியது. எனவே ஆயிலைக் குற்றம் சொல்ல முடியாது. குளிரில் மட்டும் வருவது ஆயில்; சூட்டில் கூடுவது நெளிந்த பிளேட், அல்லது போதாத நகர்வு. பொதுவாக நான் வைத்திருக்கும் கணக்கு இது.

வடித்த ஆயிலில் கருகல் வாடை இருந்தது. வலப்பக்கக் கவரின் போல்ட் தலைகள் இரண்டு உருண்டிருந்தன. பேக்கிங் ஓரத்தில் கருப்புப் பேஸ்ட் பிதுங்கிக் காய்ந்திருந்தது. ஏற்கெனவே யாரோ திறந்த கவர். பழைய வண்டி வாங்குகிறவர்கள் கிலோமீட்டரைப் பார்க்கிறார்கள். மீட்டரை யார் வேண்டுமானாலும் மாற்றலாம். போல்ட் தலையையும் பேக்கிங் ஓரத்தையும் குனிந்து பார்க்க ஒரு நிமிடம் செலவழித்தால் வண்டி இன்னும் நிறையச் சொல்லும்.

கவரைக் கழற்றி, 4 ஸ்பிரிங் போல்ட்டுகளையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். ஒன்றை மட்டும் முழுக்கக் கழற்றினால் மற்றவற்றின் அழுத்தத்தில் அலுமினியத் தூண் உடைந்துவிடும், கோர்க்கும்போதும் அப்படியே. முதல் போல்ட் வெளியே வந்ததும் அதோடு ஒரு வாஷர் விழுந்தது. அந்த இடத்துக்குரியதல்ல, கடையில் வாங்கிய சாதா இரும்பு வாஷர். மற்ற மூன்று ஸ்பிரிங்கின் தலையிலும் ஒவ்வொன்று. அளந்தால் ஒன்றரை மில்லிமீட்டர்.

கோளாறு அங்கேயே வெளிச்சமாகிவிட்டது. இந்த வண்டியில் முன்பு எப்போதோ கிளட்ச் ஸ்லிப் ஆகியிருக்கிறது. ஸ்பிரிங்குக்கு வாஷர் கொடுத்தால் ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கி நிற்கும், பிளேட் இறுகும், ஸ்லிப் நிற்கும். சேலம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும், வழியில் கிளட்ச் வழுக்குகிறது என்றால் நானும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அதையே வைத்தியமாக விட்டுவிட்டார்கள். ஸ்பிரிங் அமுங்குவதற்கு இருந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டரை வாஷர் தின்றுவிட்டது. பிரஷர் பிளேட் நகர வேண்டிய தூரமும் அதே ஒன்றரைதான்.

தம்பி வெர்னியரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்பிரிங்கை வைஸில் வைத்துச் சுருள்கள் ஒட்டும்வரை இறுக்கி அந்த உயரத்தை அளந்தார். பிறகு வாஷரோடு போல்ட் இறுக்கிய நிலையில் ஸ்பிரிங்குக்குக் கிடைக்கும் இடத்தை அளந்தோம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழ். கிளட்ச்சை எவ்வளவு பலமாகப் பிடித்தாலும் பிரஷர் பிளேட் அதற்கு மேல் போக வழியில்லை. "பத்து முகத்துக்கும் பங்கு போட்டா ஆளுக்கு அஞ்சு பாயிண்ட்கூடத் தேறாதுங்ணா" என்றார். லேத்காரர் கணக்கில் அது 0.05 மில்லிமீட்டர். லிவர் சுவரில் முட்டியதற்கும் வண்டி சிக்னலில் நகர்ந்ததற்கும் காரணம் அவர் கையிலேயே இருந்தது.

வாஷரை எடுத்துப் போட்டுவிட்டுக் கவரை மூடினால் வேலை முடிந்துவிடாது. எதற்காக வாஷர் போட்டார்களோ அந்த ஸ்லிப் திரும்ப வரும். எனவே பிளேட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டில் நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் வெந்த அடையாளம். தடித்த கண்ணாடிமேல் படுக்க வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தால் அந்த இரண்டுக்கும் அடியில் 0.3 தகடு தாராளமாகப் போனது. இது நெடுநாள் ஸ்லிப் ஆனதன் தழும்பு. ஃபைபர் பிளேட்டுகளின் தடிமன் எல்லைக்குள்தான் இருந்தது, ஆனால் முகம் பளபளவென்று மெருகேறியிருந்தது. ஆக, ஸ்லிப் வந்தது பிளேட் தேய்ந்ததால் அல்ல. ஃப்ரீ ப்ளே இல்லாமல் கேபிளை இறுக்கி வைத்து ஓட்டியிருக்கிறார்கள். ஓட்டுபவர் லிவரைத் தொடாவிட்டாலும் கேபிளே கிளட்ச்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பிரிங்கின் முழு அழுத்தம் பிளேட்டுக்குப் போய்ச் சேராது. சமவெளியில் தெரியாமல் இருக்கும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஏறினால் பிளேட் வெந்துவிடும்.

ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை வண்டியே சொல்லியது. இறுக்கிய கேபிள், அதனால் ஸ்லிப், ஸ்லிப்புக்கு வாஷர், வாஷரால் பிரியாத கிளட்ச், அதைச் சமாளிக்க மறுபடியும் கேபிளை மரையின் கடைசிவரை இறுக்கியது. ஒவ்வொரு கையும் தனக்கு முன்னால் இருந்த குறையை மட்டும் பார்த்திருக்கிறது.

வெளிக்கூடையின் விரல்களைத் தடவிப் பார்த்தேன். ஃபைபரின் காதுகள் இடித்து இடித்து அலுமினியத்தில் படிக்கட்டு மாதிரி பள்ளம் விழும். லிவரைப் பிடித்தாலும் காதுகள் பள்ளத்தில் சிக்கிப் பிளேட் நகராது. கிளட்ச் பிரியாத பழைய வண்டிகளில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். இந்த வண்டியில் நகம் லேசாகத் தடுக்கும் அளவுக்குத்தான் இருந்தது. மெல்லிய அரத்தால் ஒரே நேராக, விரலின் அகலத்தைக் குறைக்காமல், வரம்பை மட்டும் எடுத்தேன். பள்ளம் ஆழமாக இருந்தால் அராவக் கூடாது. காதுக்கும் விரலுக்கும் நடுவே இடைவெளி கூடி, இடி கூடி, சீக்கிரமே புதுப் பள்ளம் விழும். கூடையை மாற்றுவதுதான் வழி. கூடையைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, உள்புஷ்ஷில் ஆட்டமில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டேன். கூடைக்கும் ஹப்புக்கும் நடுவே தள்ளு வாஷர் இருக்கிறதா என்றும் பார்த்தேன். முன்பே திறந்த வண்டியில் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது விடுபட்டால் ஹப் நட்டை இறுக்க இறுக்கக் கூடையும் ஹப்பும் ஒன்றாக இறுகிக்கொள்ளும். பிறகு எத்தனை புதுப் பிளேட் போட்டாலும் கிளட்ச் பிரியாது.

புதிதாக வாங்கியது ஸ்டீல் பிளேட்டுகளும் ஒரு செட் ஸ்பிரிங்கும். பழைய ஸ்பிரிங்குகள் சுருள் ஒட்ட ஒட்ட நசுங்கி உயரம் குறைந்திருந்தன. நான்கும் நான்கு உயரம். அப்படியே விட்டால் பிரஷர் பிளேட் சாய்ந்து எழும். ஒரு பக்கம் பிரியும், மறுபக்கம் உரசும். ஃபைபரை மாற்றிவிடலாமே என்று தம்பி கேட்டார். தடிமன் இருக்கும்போது எதற்கு என்றேன். கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து முகத்தின் மெருகை மட்டும் எடுத்து, கழுவி, புது ஆயிலில் ஊறவைத்தேன். ஸ்டீல் பிளேட்டுகளைப் பஞ்ச் பண்ணும்போது ஒரு பக்க விளிம்பு கூராகவும் மறுபக்கம் மழுங்கியும் வரும். எல்லாக் கூர் விளிம்பும் ஒரே பக்கம் பார்க்கும்படி அடுக்கினேன். பொறுமையில்லாதவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

கவரை மூடி, மேனுவல் சொன்ன ஆயிலை அளந்து ஊற்றி, இரண்டு அட்ஜஸ்டரையும் பின்னுக்குத் திருகி, லிவர் நுனியில் 15 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்தேன். தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"லூசா இருக்கற மாதிரி இருக்குதுங்ணா."

"இருக்கட்டும். இந்த ஆட்டந்தான் உங்க பிளேட்டக் காப்பாத்தும். யார் சொன்னாலும் இறுக்காதீங்க. வண்டி சூடா இருக்கறப்ப ஒருதடவ, காத்தால ஒருதடவ பார்த்துக்குங்க. குறைஞ்சாக் கொண்டு வாங்க."

நெரிசல் நேரத்தில் காந்திபுரம் வரை ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினேன். லிவர் கிரிப்பில் போய்ச் சேர்ந்தது. சூடான வண்டி, இன்ஜின் ஓடுகிறது; கால் நுனியால் தொட்டதும் நியூட்ரலின் பச்சை விளக்கு எரிந்தது. கியர் பாக்ஸுக்கென்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்த தொகையில் சிறு பங்குதான் ஆயிற்று. வாஷர் நான்கையும் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டார், கம்பெனியில் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக. அடுத்த தடவை ஆயில் மாற்ற வரும்போது கவரை மறுபடி திறந்து, கூடையின் விரல்களில் நான் அராவிய இடத்தில் புதுப் பள்ளம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். விழுந்திருந்தால் கூடை வாங்கச் சொல்லியிருக்கிறேன்.